சஷ்டியில் வாங்கிய நெத்திலி

"நாக்குல வச்சுப் பாரும்மா. உப்பு இருக்கா இல்லையான்னு உனக்கே தெரிஞ்சிரும்."

கருவாட்டுக் கடை ஆச்சி இப்படிச் சொல்லிவிட்டு, விறைத்துக் காய்ந்த ஒரு நெத்திலியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

ஸ்ரீவைகுண்டம் சந்தை. ஐப்பசித் தூறல். கந்த சஷ்டி நடந்துகொண்டிருக்கிறது. வீட்டில் என் மாமனார் ஒருவேளைப் பாலும் பழமுமாக விரதம் இருக்கிறார். அவருடைய மருமகள் நான், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, முகம் மறையக் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு இங்கே நிற்கிறேன்.

எனக்குப் பிறந்த வீடும் சைவம், புகுந்த வீடும் சைவம். மீன்கூடை தெருவுக்குள் நுழைந்தால் வாசல் கதவைச் சாத்துகிற ஆட்கள் நாங்கள்.

"என்ன முழிக்க? அது செத்துப் பல நாளாச்சு. கடிக்காது" என்றாள் ஆச்சி.

கடிக்காதுதான். ஆனால் அதில் உப்பு ஏறியிருந்தால் எங்கள் பின்கட்டில் இருக்கிற கோழிகளுக்கு ஆகாது. உப்புக் கருவாடு தின்ற கோழி கழுத்தைத் தொங்கப்போட்டுச் சாயும் என்று அடுத்த வீட்டு சபுரா அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். கோழிகள் அவளுடையவை. அவளோ மகளைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அந்தக் கோழிகளுக்கு ஒன்று ஆகிவிட்டால் அவள் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்?

போன வாரம் கிணற்றுக்குள் குடம் விழுந்த கதையை எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு என் மகள் மீனா போனில் பிடித்துக்கொண்டாள். "குடம் வாளி எல்லாத்தையும் எழுதுதியே, நெத்திலிக் கதையை மட்டும் ஏம்மா முழுங்குத?" என்று.

முழுங்கவில்லை, அம்மா தாயே. சொல்லிவிடுகிறேன். ஆனால் எனக்கு எதையும் நேராகச் சொல்ல வராது என்பது இத்தனை வாரமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். அந்த ஆச்சி கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்.

சுவருக்கு மேலே வந்த முட்டை

எங்கள் வீட்டுக்கும் சபுரா அக்கா வீட்டுக்கும் நடுவே பின்பக்கம் ஒரே சுவர். இடுப்புக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். அவள் வீட்டு ஆண்கள் எல்லோரும் சவுதியில். என் வீட்டுக்காரருக்குத் தூத்துக்குடியில் வேலை. ஞாயிறுக்கு ஞாயிறு வருவார். இந்தக் கதையில் அவருக்கு வேலை இல்லை.

மாமியார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் மாமாவும் நானும்தான். பேச்சுத்துணைக்கு சபுரா அக்காதான் கதி.

மீனா வயிற்றில் இருந்தபோது எனக்கு உடம்பில் ரத்தமே இல்லை. "தினம் ஒரு முட்டை சாப்பிடு" என்றார் டாக்டரம்மா. நல்ல கதை! எங்கள் வீட்டில் முட்டை என்ற சொல்லைச் சொன்னாலே மாமா "சிவசிவா" என்பார். நான் பேரீச்சம்பழத்தைத் தின்றுகொண்டு மயங்கி மயங்கி விழுந்தேன்.

ஒருநாள் கிணற்றடியில் விழுந்தேன். அன்று சாயங்காலம் சுவருக்கு மேலே ஒரு கை வந்தது. வாழை இலைத் துண்டில் பொதிந்து, சூடாக ஒரு அவித்த முட்டை.

"தின்னுட்டி. உனக்காக இல்ல, உள்ள இருக்கதுக்காக" என்றாள் சபுரா அக்கா.

கண்ணை இறுக மூடிக்கொண்டு தின்றேன். முட்டை ஓட்டை வாழை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தேன். துளசியை மென்றுவிட்டு, ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி உள்ளே போய் விளக்கேற்றினேன். பிள்ளை பிறக்கும்வரை இது நடந்தது. மீனா குண்டாகப் பிறந்தாள். "எல்லாம் என் சத்துமாவு பண்ணின வேலை" என்று மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நானும் சபுரா அக்காவும் சுவரடியில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அமானிதம்

மீனா பள்ளிக்கூடம் போகத் தொடங்கின சமயம். சபுரா அக்காவின் ஒரே மகள் மும்தாஜ் பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவளுக்கு இது இரண்டாவது. முதல் பிள்ளை தங்கவில்லை. அந்தத் தடவை அவளே பிழைத்தது பெரிய பாடு.

மும்தாஜ் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பாதி நாள் எங்கள் வீட்டில்தான். சுவரேறிக் குதித்து வருவாள். மாமா அணைக்கட்டு ஆபீசில் வரைபடம் போட்டவர். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் பலகை வைத்து எதையாவது வரைந்துகொண்டிருப்பார். அவருக்குப் பென்சில் சீவித் தரும் உத்தியோகம் மும்தாஜுக்கு. அவளைத் தவிர வேறு யாரும் அந்தப் பென்சிலைத் தொடக்கூடாது.

ஒருநாள் காலையில் சபுரா அக்கா சுவரடியில் வந்து நின்றாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"கோமு, மும்தாஜுக்கு ரத்தக்கொதிப்பு ஏறிக்கிட்டே இருக்காம். காலு ரெண்டும் வீங்கிட்டு. மாசம் இன்னும் முடியல, ஆனாலும் ஆஸ்பத்திரியிலயே கெடக்கணும்னு சொல்லுதாவ. நான் கூட இருக்கணும். இந்தக் கோழிகளை யார்ட்ட விட்டுட்டுப் போவேன்?"

"உங்க சொந்தக்காரங்க யார்ட்டயாவது விடலாம்லாக்கா?"

"விட்டா சட்டிக்குப் போயிரும். இது மும்தாஜுக்குன்னு வளக்குத வெடை. போன தடவை பிள்ளையை மண்ணுல வச்சுட்டு வந்து, ஒரு வாய் கோழிச்சாறு குடிக்காமச் சுவரைப் பாத்துப் படுத்துக்கிட்டா. இந்தத் தடவ அல்லா அவளைப் பொழைக்க வச்சுத் தந்தா, அவ உடம்பு தேற ஒவ்வொண்ணா அறுத்துச் சாறு வச்சுக் குடுக்கணும். அமானிதம் கோமு இது."

வெடை என்றால் முட்டைக்கு வருகிற பருவத்து இளங்கோழி. அமானிதம் என்றால் ஒருவரை நம்பி ஒப்படைத்த பொருள். கொடுத்தபடி குறையாமல் திருப்பித் தரவேண்டும். அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் அதிகம் கேட்டதில்லை.

திரும்பிப் பார்த்தால் பின்வாசலில் மாமா நிற்கிறார். எவ்வளவு கேட்டாரோ தெரியாது.

"கோழிகளை இங்கன விட்டுட்டுப் போ சபுராம்மா. நீ போயி மும்தாஜைப் பாரு" என்றார்.

நான் வாயைப் பிளந்தேன். சபுரா அக்கா அழுதுவிட்டாள்.

கூடையில் ஐந்து கோழிகள் வந்தன. கூடவே ஒரு தகர டப்பாவும். "உப்பில்லா நெத்திலி இடிச்சது. தீனியோட தினமும் ஒரு பிடி போடணும், மறந்துராத. உப்புப் போட்டதை மட்டும் வாங்கிராத. பகல்ல அவுத்து விட்டுரு, பூச்சி பொட்டுப் பொறுக்கிக்கிடும்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

அவள் தலை மறைந்ததும் மாமா டப்பாவை ஒரு குச்சியால் தள்ளிச் சுவர் மேல் வைத்தார். பொழுது சாய்வதற்குள் பூனை அதைத் தட்டிவிட்டுக் காரியத்தை முடித்துவிட்டது.

"நம்ம எல்லைக்குள்ள ஒரு உயிர் இன்னொரு உயிரைத் திங்கப்படாது. கோழியா இருந்தா என்ன? நம்ம வீட்டுல இருக்க வரைக்கும் அதுவும் சைவம்தான்" என்றார்.

தட்டு ஆராய்ச்சி

கோழிகளை அவர் வெளியே விடவில்லை. விட்டால் புழு பூச்சியைக் கொத்துமே! கீரி வரும் என்று ஒரு காரணமும் கைவசம் வைத்திருந்தார். கல் பாவிய பின்முற்றத்தில் கம்பிவலை அடித்து அதற்குள் அடைத்தார். அங்கே மருந்துக்குக்கூட ஒரு மண்புழு கிடைக்காது.

அப்புறம் ஆரம்பித்தது ஆராய்ச்சி.

முதலில் பழைய பித்தளைத் தாம்பாளத்தில் தீனி வைத்தார். கோழிகள் அதற்குள் ஏறி நின்று கிளறி, ஊரெல்லாம் இறைத்தன. கொட்டாங்கச்சியில் வைத்தார். உருட்டி விளையாடின. வனஸ்பதி டின்னின் அடியில் சுற்றிலும் ஓட்டை போட்டு, தட்டின் மேல் நிறுத்தித் தீனியைக் கொட்டினார். தின்னத் தின்ன உள்ளேயிருந்து சரிந்து வந்தது. மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மழைச்சாரலில் தவிடு நனைந்து ஓட்டையை அடைத்துப் புளித்துப்போகவே, அதுவும் போயிற்று.

கடைசியில் திருநெல்வேலி ஜங்ஷனுக்கே போய், கோழிப்பண்ணைச் சாமான் விற்கிற கடையில் சிவப்பு பிளாஸ்டிக்கில் தொங்குகிற தீனிக்கூடு ஒன்று வாங்கி வந்தார். கோழி முதுகு எந்த உயரமோ அந்த உயரத்துக்குத் தட்டு இருக்கவேண்டும் என்று ஸ்கேல் வைத்து அளந்து, கொய்யாக் கொப்பில் கட்டித் தொங்கவிட்டார். வரைபடமும் போட்டார். அணைக்கட்டு மதகுக்குக்கூட அவ்வளவு கோடு போட்டிருக்க மாட்டார்.

தின்பண்டத்துக்கும் குறைச்சல் இல்லை. கம்பு, அரிசிக்குருணை, பொரி, தேங்காய்ப்பூ, பழுத்த வாழைப்பழம். வெள்ளிக்கிழமை என்றால் கடலைச் சுண்டல். தாளிக்காமல், உப்புப் போடாமல், தனியாக அவித்து மசித்து. எனக்கு அப்படி ஒருநாள்கூடக் கவனிப்பு நடந்ததில்லை.

அதிலே ஒரு சாம்பல் நிறக் கோழி மாமாவுடன் ஒட்டிக்கொண்டது. அவர் வலைக்குள் போய் உட்கார்ந்தால் மடியில் ஏறும். உள்ளங்கையில் சுண்டலை வைத்து நீட்டினால் நோகாமல் கொத்தும். "ஏட்டி, பைய தின்னு. ஒனக்குத்தான் எல்லாம்" என்று கொஞ்சுவார். என் மாமனார் ஒரு ஜீவனைக் கொஞ்சி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இந்தக் கோழிகள் எதற்காக வளர்கின்றன என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

முதுகில் ரத்தம்

எங்கள் வீட்டில் போன் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த பூத்திலிருந்து சபுரா அக்கா தினமும் சாயங்காலம் கூப்பிடுவாள்.

"கோழிகள்லாம் நல்லா இருக்கா கோமு?" இதுதான் முதல் கேள்வி. மும்தாஜைப் பற்றி நான் கேட்டால்தான் சொல்லுவாள். கொதிப்பு இறங்கவில்லை, கண்ணை மறைக்குது என்கிறாள், இன்றைக்கும் ஊசி போட்டார்கள்.

கோழிகள் நன்றாக இருந்தால் மகளும் நன்றாக இருப்பாள் என்று அவள் மனதில் ஒரு கணக்கு ஓடுகிறது என்பது எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகு அந்த போன் மணி அடித்தாலே எனக்கு எடுக்கவே பயமாக இருக்கும். ஏனென்றால் கோழிகள் நன்றாக இல்லை.

முதலில் வால் சிறகுகள் காணாமல் போயின. இறகு மாற்றுகிற காலமாக இருக்கும் என்றார் மாமா. பிறகு ஒரு கோழி முட்டையிட்டது. நான் போய் எடுப்பதற்குள் மற்றவை அதைக் கொத்தி உடைத்து ஓட்டோடு தின்றுவிட்டன. ஒன்றின் சிறகை ஒன்று பிடுங்கித் தின்ன ஆரம்பித்தன. சாமியார் மடம் மாதிரி சைவச் சாப்பாடு போட்டு வளர்த்த கோழிகள் ஒன்றையொன்று தின்றுகொண்டிருந்தன.

அந்தச் சிவப்புத் தீனிக்கூடும் வினையாகிவிட்டது. ஒரே ஒரு கூடு. பலசாலிகள் சுற்றி நின்றுகொள்ளும். ஒரு கறுப்புக்கோழி, நோஞ்சான், கிட்டே வந்தாலே நடுமுதுகில் போடும். சஷ்டி ஆரம்பித்த இரண்டொரு நாளில் அதன் முதுகில் ரத்தம் பார்த்தேன். ரத்தம் கண்டுவிட்டால் கோழிகளுக்கு வெறி வந்துவிடும் போல. நான்கும் சேர்ந்து அதை மூலையில் தள்ளி அதே இடத்தில் கொத்தின. நான் கத்திக்கொண்டே விழுந்தடித்து ஓடித் தூக்கினேன். முதுகில் காசகலத்துக்குத் தோலே இல்லை. என் கைச் சூட்டில் அது வெடவெடவென்று நடுங்கியது.

மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துத் தடவி, கோழி கவிழ்க்கிற பஞ்சாரக் கூடையால் தனியாக மூடி வைத்தேன். கைகழுவக்கூட இல்லை, நேரே மாமாவிடம் போனேன்.

"மாமா, அக்கா சொன்ன நெத்திலி போடாம இது ஆவாது. அது உடம்பு கேக்குது, நாம குடுக்கல. அதான் ஒண்ணை ஒண்ணு திங்குது."

"சஷ்டி முடியட்டும்மா, பாப்போம்."

"சஷ்டி முடியுததுக்குள்ள கோழி முடிஞ்சிரும் மாமா!"

அவரிடம் அப்படிக் குரலை உயர்த்தினது அதுவரை கிடையாது. அவர் திருநீற்றுச் சம்புடத்தை எடுத்துக்கொண்டு பூஜை அறைக்குள் போனார்.

அப்போது பார்த்து போன் அடித்தது. சாயங்காலம் வர வேண்டிய போன் காலையிலேயே அடிக்கிறது. ஓடிப்போய் எடுத்தேன்.

"கோமு… மும்தாஜுக்கு வலிப்பு வந்துட்டு. பிள்ளையை உடனே எடுக்கணும்ங்காவ. ரெண்டுல எது நிக்கும்னு சொல்ல முடியாதுங்காவ. நீ ஒன் சாமிகிட்ட கேளு. ஐயாவையும் கேக்கச் சொல்லு." மூச்சு வாங்கினாள். பிறகு கேட்டாள்: "கோழிகள்லாம் நல்லா இருக்கா?"

"நல்லா இருக்குக்கா. எல்லாம் நல்லாத் திங்குது" என்றேன். என் உள்ளங்கையில் கறுப்பியின் ரத்தம் இன்னும் காயவில்லை.

போனை வைத்துவிட்டு பூஜை அறை வாசலில் நின்று விஷயத்தை மாமாவிடம் சொன்னேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை. நான் குடையை எடுத்துக்கொண்டு சந்தைக்கு நடந்தேன்.

நாக்கில் வைத்தேன்

ஆக, அந்த ஆச்சி. இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"நான் உப்பில்லைன்னு சொன்னா நீ நம்பவா போற? நேத்து வந்த மூட்டை ரெண்டும் பாக்க ஒண்ணுபோலக் கெடக்கு. நாக்குதான் சொல்லும்."

இடது பக்கம் ஒரு குவியல், வலது பக்கம் ஒரு குவியல். இரண்டும் என் கண்ணுக்கு ஒன்றுதான். விரலால் தேய்த்துப் பார்த்தேன். முகர்ந்து பார்க்கலாம் என்றால் குடலைப் பிரட்டியது. பாளையங்கோட்டையில் அந்தப் பெண்ணை இப்போது மேசையில் கிடத்தியிருப்பார்கள். முருகா, நீ எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு நெத்திலியை நாக்கில் வைத்தேன்.

கரித்தது. துப்பினேன். அடுத்த குவியலிலிருந்து இன்னொன்று. அது கரிக்கவில்லை. மணலும் வெயிலும் கலந்த மாதிரி சப்பென்று ஏதோ ஒன்று. உறுதியாகத் தெரியவேண்டும் என்று அதிலேயே மூன்று நான்கை எடுத்து, ஒவ்வொன்றாக நாக்கில் வைத்துப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. அருவருப்பா, பயமா, அழுகையா, எனக்கே தெரியவில்லை.

"யாருக்கும்மா உடம்பு சரியில்ல?" என்றாள் ஆச்சி. குரல் மாறியிருந்தது.

"கோழிக்கு" என்றேன். அவள் என்ன நினைத்தாளோ, ஒரு கை கூடவே அள்ளிப் போட்டாள்.

மழைக்காக எல்லோரும் ஒதுங்கியிருக்க, தெருமுனையில் மங்கை அத்தை மட்டும் கோயிலுக்குப் போய்விட்டு எதிரே வந்தாள். எங்கள் தெருவுக்கு வானொலி நிலையம் தேவையில்லை, அவளே போதும்.

"பையில என்ன கோமதி?"

"சாம்பிராணி அத்தை."

அத்தை மூக்கை ஒருமுறை உறிஞ்சினாள். "இது எந்த ஊரு சாம்பிராணிட்டி?"

"கடற்கரைப் பக்கம் அத்தை" என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தேன். நடுவில் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வாழைமட்டை

வீட்டு அம்மியில் அரைக்க முடியுமா? பின்பக்கம் உடைந்து கிடந்த துவைகல்லில் வைத்து, சல்லிக்கல்லால் இடித்தேன். வாடை கிளம்பியதும் வலைக்குள் இருந்த நான்கும் கம்பியில் முட்டிக்கொண்டு கத்தின. பஞ்சாரத்துக்குள் கிடந்த கறுப்பிகூடத் தலையைத் தூக்கியது. நான் ஒரு கை அள்ளிச் சிவப்புக்கூட்டில் போடப் போனேன்.

"அதுல போடாத."

மாமா. ஈர வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. முடிந்தது கதை என்று நினைத்தேன். ஒரு கையில் நெத்திலித் தூளோடு, மறைக்கவும் தோன்றாமல் நின்றேன்.

"ஒரே தட்டுல போட்டா அடிச்சிக்கிடும். நோஞ்சானுக்கு ஒண்ணும் மிஞ்சாது" என்றார். போய் அரிவாளை எடுத்துவந்தார். குலை வெட்டிச் சாய்த்துப் போட்டிருந்த வாழையில் மட்டைகளை உரித்து, முழ நீளத்துக்கு நறுக்கினார். வாழைமட்டை இயல்பாகவே குழிந்து தொட்டி மாதிரி இருக்கும். கோழிக்கு ஒன்றாக, ஒன்றுக்கொன்று முகம் பார்க்க முடியாதபடி தள்ளித் தள்ளி வைத்தார். கறுப்பிக்குத் தனியாகப் பஞ்சாரத்துக்குள்.

"தின்னதும் மட்டையைக் குப்பையில போட்டுரலாம். பாத்திரம் கெடாது" என்றார்.

நான் கம்போடு தூளைக் கலந்து ஒவ்வொரு மட்டையிலும் போட்டேன். அதுவரை அந்த முற்றத்தில் அப்படி ஒரு அமைதி இருந்ததில்லை. தலை நிமிராமல் தின்றன. மாமா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் ஒரு கட்டு முருங்கைக்கீரையைக் கோழிகள் எம்பிக் கொத்துகிற உயரத்தில் கட்டித் தொங்கவிட்டார். சும்மா இருந்தால்தானே வம்பு! பிறகு கிணற்றடிக்குப் போய் மறுபடி தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். அந்த மழையில், விரத வயிற்றோடு.

பொழுது சாயும் நேரம் போன் வந்தது. பெண் பிள்ளை. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். மும்தாஜ் கண் விழிக்கவில்லை, ரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது.

மறுநாளும் கண் விழிக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் அதே பதில். மாமா போன் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பென்சிலைக் கையில் வைத்துச் சீவாமல் உருட்டிக்கொண்டிருந்தார். நான் வேளை தவறாமல் மட்டை மட்டையாகத் தீனி வைத்தேன். கறுப்பியின் முதுகில் பொருக்கு கட்டியது. கோழிகள் கொத்துவதை விட்டிருந்தன. அவை தேறத் தேற, சபுரா அக்காவின் கணக்கை நானும் நம்ப ஆரம்பித்திருந்தேன்.

எந்தக் கோழி

சூரசம்ஹாரம் முடிந்த மறுநாள் காலை. மாமாதான் போனை எடுத்தார். மறுபக்கம் சபுரா அக்கா அழுவது எனக்கே கேட்டது. மாமா முகத்தைப் பார்க்கப் பயந்து நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"முழிச்சுட்டாளாம்" என்றார் மாமா. போனை என்னிடம் நீட்டினார்.

"கோமு, பிள்ளையும் தேறிட்டு. இவ நேத்து ராத்திரியே கண்ணைத் திறந்துட்டா. இன்னைக்கு வாயத் திறந்து பேசுதா. என்ன வேணும்னு கேட்டேன். நம்ம வீட்டுக் கோழிச்சாறு குடு உம்மாங்கா. டாக்டரும் தெளிஞ்ச சாறாக் குடுக்கலாம்னு சொல்லிட்டாவ. மேலப்பாளையத்துல என் தங்கச்சி வீட்டுல அறுத்து வச்சுக் குடுத்துருவா. நீ ஒரு கோழி கொண்டாந்து தாரியா? எந்தக் கோழின்னாலும் சரி."

போனில் அவள் குரல் சத்தமாகத்தான் வரும். மாமாவுக்குக் கேட்டிருக்கும். நான் அவர் பக்கம் திரும்பாமல் கூடையை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன்.

வலைக்குள் போய் ஒரு செங்கோழியைப் பிடிக்கக் கை நீட்டினேன். சாம்பல் கோழியை நான் பார்க்கக்கூட இல்லை. அதை அவருக்காக விட்டுவைக்க வேண்டும் என்று எப்போதோ முடிவு செய்திருந்தேன்.

"அது வேண்டாம். இன்னும் தேறல" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

மாமா உள்ளே வந்து உட்கார்ந்தார். சாம்பல் வழக்கம்போல ஓடிவந்து மடியில் ஏறியது. அவர் அதன் நெஞ்சைத் தடவிப் பார்த்தார். கறி பிடித்திருக்கிறதா என்று சபுரா அக்கா தடவிப் பார்ப்பாளே, அப்படியே.

"இதைக் கொண்டு போ."

"மாமா… இது வேண்டாம். இது உங்க…"

"நல்லாத் தின்ன கோழி இதுதாம்மா. அந்தப் பிள்ளை செத்துப் பொழைச்சிருக்கு. அதுக்கு நோஞ்சானையா குடுப்பாவ?"

அவர் கோழியை எடுத்து இரண்டு காலையும் வாழைநாரால் கட்டினார். நோகாமல், ஆனால் அவிழாத மாதிரி.

"எதுக்கு வளக்குதாவன்னு அன்னைக்கே பின்வாசல்ல நின்னு கேட்டுட்டேன்" என்றார் தலை நிமிராமல். "சத்துமாவு தின்னா பிள்ளை அவ்வளவு குண்டாப் பொறக்காதுன்னும் எனக்குத் தெரியும். வாழைக்கு மண் அணைக்கப் போனா மம்முட்டியில முட்டை ஓடாத்தான் வந்துச்சு."

என் கையிலிருந்த கூடையை அவரே வாங்கிக்கொண்டார்.

"அன்னைக்கு அவ குடுத்தா. இன்னைக்கு நாம குடுக்கணும்லா."

சாம்பலைக் கூடையில் வைத்தார். மேலே சாக்கைப் போட்டு மூடப் போனவர் நிறுத்தினார். எழுந்து அடுக்களைக்குப் போனார். வரும்போது கையில் அவித்த கடலைச் சுண்டல், மசித்தது, உப்பில்லாதது. ஒரு துண்டு வாழைமட்டையில் அதை வைத்துக் கூடைக்குள் கோழியின் மூக்குக்கு நேரே செருகினார்.

"பஸ் எப்ப வருமோ என்னமோ. வழியில பசிக்கும்" என்றார்.

அப்புறம் அவர் உள்ளே போய்விட்டார். நான் கூடையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். பாளையங்கோட்டை போய்ச் சேரும்வரை அது கொத்திக்கொண்டே வந்தது.